கிளினிக்குக்குப் பக்கத்தில் குடிவந்தோம்

எங்கள் மகள் யசோதாவுக்குக் காது கேட்காது என்றுதான் முதலில் நினைத்தோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பின்னால் நின்று தட்டத்தைக் கீழே போட்டாலும் திரும்ப மாட்டாள். ஆனால் பக்கத்துக் காம்பராவில் யாராவது பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் ஓடிப்போய் அவர்கள் வாசலில் நிற்பாள். காது கேட்காத பிள்ளைக்கு அந்தச் சத்தம் மட்டும் எப்படிக் கேட்டது என்று யோசிக்க எங்களுக்கும் தோன்றவில்லை, தோட்டத்து டிஸ்பென்சரி ஐயாவுக்கும் தோன்றவில்லை.

இப்படி ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு யாரிடம் போவது என்று தெரியாமல் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். சில இடங்களில் கோபம் தெரியும். அதை எடுத்துவிட்டு எழுத எனக்கு முடியவில்லை.

இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைக் காம்பராக்களில் ஒன்றில் குடியிருந்தோம். என் மனைவி பார்வதி கொழுந்து பறித்தாள். நான் இரத்தோட்டையில் மிளகும் கராம்பும் வாங்குகிற ஒரு கடையில் காயப்போடுவது, அள்ளுவது, சாக்குத் தைப்பது என்று வேலை செய்தேன். யசோ எங்களுக்குக் கலியாணமாகி நெடுங்காலம் கழித்துப் பிறந்தவள். ஐந்து வயது ஆகியும் பேச்சு வரவில்லை. டிஸ்பென்சரி ஐயா துண்டு எழுதிக் கண்டிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார். அதன் பெயர் வேண்டாம். அங்கே நல்லவர்களும் இருந்தார்கள்.

அங்கே முதலில் காதைச் சோதிக்க வேண்டும் என்றார்கள். பெரியவர்களிடம் செய்வது போலக் கேட்குதா, கேட்கலையா என்று கேட்டுப் பதில் வாங்குகிற சோதனை இல்லை அது. தலையில் களிம்பு பூசிச் சின்னக் கம்பிகளை ஒட்டுவார்கள். காதுக்குள் டிக் டிக் என்று சத்தத்தை அனுப்புவார்கள். அந்தச் சத்தம் மூளைக்குப் போய்ச் சேர்கிறதா என்று மிஷின் பார்த்துச் சொல்லும். பிள்ளை அசையக்கூடாது. அதனால் தூங்கியிருக்க வேண்டும். தூங்குவதற்கு ஒரு பாணி மருந்து கொடுப்பார்கள்.

யசோ அந்த மருந்தைத் துப்பினாள். மூக்கைப் பிடித்துக் கொடுத்தார்கள், வாந்தி எடுத்தாள். வார்டில் நிறுத்தித்தான் செய்ய வேண்டும் என்று சேர்த்துக்கொண்டார்கள். சிறுவர் வார்டில் தாய் மட்டும்தான் நிற்கலாம். தகப்பன்மார் பார்வை நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு மணி அடித்ததும் வெளியே வர வேண்டும். மற்ற நேரமெல்லாம் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த வாங்கில் உட்கார்ந்திருப்போம். சாப்பாட்டுப் பார்சலும் சுடுதண்ணிப் போத்தலும் மடியில் இருக்கும். யாராவது "உங்க புள்ளைக்கு என்னா வருத்தம்?" என்று கேட்டால் "காது" என்பேன். அந்த நாட்களில் பதில் சொல்வது சுலபமாக இருந்தது.

யசோவைத் தூங்கவைப்பதுதான் பெரும்பாடு. பெரிய பிள்ளையாகியும் அவள் வீட்டில் சேலைத் தொட்டிலில் மட்டும்தான் தூங்குவாள். உடம்பைச் சுற்றிச் சேலை இறுக்கமாக இருக்க வேண்டும், ஆடிக்கொண்டும் இருக்க வேண்டும். கட்டிலில் போட்டால் கண் மூடாது. பார்வதி தன் பையிலிருந்து சேலையை எடுத்து, கட்ட ஒரு இடம் கேட்டிருக்கிறாள்.

"இது என்னா லயமா, கண்ட இடத்துல சேலையக் கட்டுறதுக்கு?" என்று வார்டு நர்ஸ் மிஸ் கேட்டாளாம். அந்த மிஸ்ஸும் தமிழ்தான்.

"லயத்துல கட்டினா தூங்குறாளே மிஸ்" என்றாளாம் பார்வதி.

கடைசியில் ஒரு சிங்கள அட்டென்டன் இரக்கப்பட்டார். வராந்தாவில் மேலே ஓடிய தண்ணீர்க் குழாயில் தானே தொங்கிப் பார்த்துவிட்டு, "உடையாது, கட்டுங்க அக்கே" என்று சொல்லியிருக்கிறார். யசோ தூங்கிவிட்டாள். அப்படியே சேலையோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு சோதனை அறைக்கு ஓடியிருக்கிறார்கள். அங்கே மிஷின்காரர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். இவர்களுடைய நம்பர் போய்விட்டதாம், சாப்பாட்டு நேரமாம். அவர் திரும்பி வருவதற்குள் மருந்துத் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போக, யசோ விழித்து அலறத் தொடங்கிவிட்டாள். நான் கேட்டில் நின்றேன். என் மகளின் சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது. உள்ளே விடும்படி கேட்டேன். "பார்வை நேரத்துக்கு வாங்க" என்றார் காவல்காரர். அவர் மேல் குற்றமில்லை. ஆனால் அன்றைக்கு அவரை அடித்துவிடலாம் போல இருந்தது.

இப்படிச் சில தடவை தவறிப்போய், பிறகொரு நாள் டாக்டரே வந்து மருந்தைக் கூட்டிக் கொடுத்துச் சோதனை முடிந்தது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்று எழுதித் தந்தார்கள்.

எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. காது கேட்டால் பேச்சு தானாக வந்துவிடும் என்றுதானே நினைத்தோம்! பார்வதியின் தம்பி ராஜு மாத்தளையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவன். அவன் கேசரி கிண்டிக்கொண்டு வந்து லயம் முழுக்கக் கொடுத்தான். "மச்சான், இன்னும் கொஞ்ச நாள்ல பாருங்க, இவ பேசுற பேச்சுல நீங்க காதப் பொத்திக்கிட்டுத் திரியணும்" என்றான். எல்லாரும் சிரித்தோம். மாரியம்மன் கோயிலில் அர்ச்சனையும் செய்தோம்.

ஆஸ்பத்திரியில் அடுத்த கிளினிக் நாளுக்குப் போனபோது பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. அவர் யசோவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் மேசை விளிம்பை முகர்ந்து பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்து இழுத்து, என் விரலை மின்விசிறிச் சுவிட்சில் வைத்தாள். அவள் எதற்கும் கை நீட்டிக் காட்ட மாட்டாள். என் கையைத்தான் கம்பு மாதிரி எடுத்து வைப்பாள். டாக்டர் அதைப் பார்த்ததும் தலையை ஆட்டி எழுதினார். ஒரு நர்ஸ் தமிழில் சொன்னாள்.

"காது நல்லாயிருக்கு. இதுக்கு ஆட்டிசம்னு சொல்றது. அவளுக்குச் சத்தம், வெளிச்சம், மனுசங்க முகம் எல்லாம் நமக்கு வர்ற மாதிரி வர்றதில்ல. ஒரே வழமையா இருந்தாத்தான் நிம்மதி. மருந்து இல்ல. ஆனா சொல்லிக் குடுத்தா முன்னேறுவா. அடிக்கடி, விடாம சொல்லிக் குடுக்கணும்."

"எப்ப சரியாகும்?" என்று பார்வதி கேட்டாள்.

நர்ஸ் அதைக் கேட்டுச் சொல்லுமுன் டாக்டர் அடுத்த பிள்ளையின் கார்டை எடுத்துவிட்டார்.

வாரா வாரம் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். வாரா வாரம் போவதென்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். சமாதானப் பேச்சு முறிந்து மறுபடி சோதனைச் சாவடிகள் முளைத்திருந்த காலம் அது. இரத்தோட்டையிலிருந்து மாத்தளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து கண்டிக்கு இன்னொரு பஸ். வழியில் சாவடியில் எல்லாரும் இறங்கி, பையையும் ஐடென்டிட்டியையும் காட்டி, நடந்துபோய் அந்தப் பக்கம் ஏற வேண்டும். யசோவுக்கு பஸ் என்றால் ஏறினால் கடைசியில்தான் இறங்குவது. நடுவில் இறங்கச் சொன்னால் சீட்டுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள்.

ஒரு நாள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். நாங்கள் மட்டும் உள்ளே அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். ஒரு ஆமிக்காரப் பையன் ஏறி வந்து, இறங்கு என்று அவளைப் பார்த்துச் சத்தம் போட்டான். அவள் திரும்பவில்லை. மறுபடி சத்தம் போட்டான்.

"வருத்தக்காரப் பிள்ளை" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"என்ன வருத்தம்? நல்லாத்தானே இருக்கா?"

டாக்டர் தந்த கடதாசியைக் கொடுத்தேன். அது இங்கிலீஷில் இருந்தது. அவன் வாங்கிப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். எனக்குத் தெரிந்துவிட்டது, என்னைப் போல அவனுக்கும் அது வாசிக்கத் தெரியாது. இரண்டு பேரும் ஒரு கடதாசியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே மற்றவர்கள் வெயிலில் நின்று, "யாருப்பா அது, எங்களுக்கு நேரமாகுது" என்று கத்தினார்கள். பிறகு அவன் கடதாசியை மடித்துத் தந்துவிட்டு, "உட்காரச் சொல்லுங்க" என்று இறங்கிப்போனான். அதற்குள் யசோ சீட்டை நனைத்துவிட்டாள். கண்டக்டர் எங்களை அடுத்த பஸ் ஹோல்டில் இறக்கிவிட்டான். அன்றைக்குக் கிளினிக் இல்லை. அதற்குப் பிறகும் பல நாள் நாங்கள் போகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ராஜு வந்து, மாத்தளை டவுனிலேயே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு இடம் திறந்திருக்கிறார்கள் என்று சொன்னான். வெளிநாட்டு உதவியில், ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்தில் நடந்தது. எல்லாரும் அதைக் கிளினிக் என்றார்கள். வாரத்தில் பல நாள் நடக்கும், பணம் வாங்குவதில்லை. டவுனில் இருந்தால் நடந்தே கூட்டிப்போகலாம், பஸ்ஸும் இல்லை, சாவடியும் இல்லை.

ஆனால் தோட்டத்துக் காம்பரா வேலையோடு கட்டியது. பார்வதியின் பெயர் தோட்டத்து வேலையாட்களைப் பதிகிற செக்ரோலில் இருக்கும்வரைதான் அது எங்களுடையது. கணக்கப்பிள்ளையிடம் சொன்னபோது அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? பேர வெட்டிட்டா திரும்பப் போட மாட்டாங்க. காம்பராவுக்கு ஆளு வரிசையில நிக்குது. புள்ளைக்கு நோவுன்னா லீவு போடுங்களேன்."

"லீவுல தீர்ற நோவு இல்லிங்க ஐயா" என்றாள் பார்வதி.

அவள்தான் கைநாட்டு வைத்தாள். நான் பக்கத்தில் நின்றேன்.

டவுனில் அறை தேடியது தனிக் கஷ்டம். புதிதாகக் குடிவருகிற தமிழரைப் பொலிசில் பதிய வேண்டும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பல பேர் இல்லையென்றார்கள். பதியத் தயாராக இருந்தவர்கள் யசோவின் சத்தத்தைக் கேட்டதும் இல்லையென்றார்கள். கடைசியில் ஒரு முஸ்லிம் வீட்டின் பின்னறை கிடைத்தது. வீட்டுக்கார உம்மா, "புள்ள கத்தினா கத்தட்டும். எங்க வூட்டு ஆம்புளையளும் கத்துறதுதான். இதாச்சும் புள்ள" என்றார். நானும் மாத்தளையில் ஒரு கடையில் மூட்டை வேலைக்குச் சேர்ந்தேன்.

அந்தக் கிளினிக்கில் இருந்த மிஸ் சின்ன வயதுக்காரி, தென்பகுதிச் சிங்களப் பிள்ளை. பேச்சுப் பயிற்சி என்றால் வாயைத் திறக்கவைத்து அ, ஆ சொல்லிக் கொடுப்பது என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. மிஸ் யசோவுக்கு எதிரே பாயில் உட்கார்ந்து, அவளுக்குப் பிடித்த ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார். அவள் ஒரு தடவை முகத்தைப் பார்த்தால் அல்லது கையை நீட்டினால் அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுப்பார். அவ்வளவுதான். பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தாங்காது. நான் எடுத்துக் கொடுத்துவிடுவேன்.

"அப்பா, நீங்க அவ கேட்க முன்னாடியே குடுத்துர்றீங்க. பிறகு அவளுக்கு எதுக்குப் பேச்சு?" என்று மிஸ் சிங்களத்தில் சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். தனக்குத் தமிழ் தெரியாது. இங்கே ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்றால் பிள்ளை குழம்புவாள். கொஞ்சக் காலத்துக்கு வீட்டிலும் சிங்களத்தில் பேசுங்கள் என்றார். இதில் டாக்டர்மார் எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்வதில்லை என்று பிறகு அறிந்தேன். அன்றைக்கு எங்களுக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை. தமிழில் பயிற்சி கொடுக்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டேன். கொழும்பில் விசாரித்துப் பார்க்கலாம் என்றார்.

எனக்குக் கடையில் பேசிப் பழகிய சிங்களம் இருந்தது. பார்வதிக்குப் பஸ் ஏறுகிற அளவுக்குக்கூட இல்லை. நான் அவளுக்குச் சொன்னதும் அவள் முகம் சிவந்துவிட்டது.

"என் வயித்துல பொறந்த புள்ளைகிட்ட தண்ணி வேணுமான்னு கேக்க நான் வேற பாஷை படிக்கணுமா? காம்பராவ விட்டேன், பேர வெட்டினேன், இப்ப வாயையும் விடணுமா? தமிழ்ப் புள்ளைக்கு ஒரு தமிழ் மிஸ்ஸ அனுப்ப இந்த நாட்டுல ஆளில்லையான்னு கேளுங்க. கேளுங்கன்னா!"

மிஸ் என்னைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"கஷ்டம்னு சொல்றாங்க" என்றேன்.

"அவ்வளவு நேரமும் அதத்தானா சொன்னாங்க?" என்றார் மிஸ். பார்வதிக்கு அது எப்படியோ விளங்கிவிட்டது. கோபத்தோடேயே சிரித்துவிட்டாள்.

அவள்தான் பிறகு படித்தாள். உம்மாவுடைய மருமகளிடம் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுப் படித்தாள். தண்ணிக்கு வத்துர, தா என்பதற்குத் தென்ன. ராஜு வரும்போதெல்லாம் சீண்டுவான்.

"அக்கா, இனி தேருக்குப் போனா சாமிகிட்டயும் சிங்களத்துலதான் கேப்பியா?"

"சாமிக்கு எல்லாம் தெரியும்டா. உனக்குத்தான் ஒண்ணும் தெரியாது. தள்ளி நில்லு, புள்ளைய குழப்பாத."

தண்ணீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருப்பாள். யசோ அழுதாலும் கொடுக்க மாட்டாள். தாகத்துக்குக் கொடுக்காத தாய் என்று தோட்டத்திலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பேசினார்கள். அவள் கேட்டுக்கொண்டே கோப்பையைப் பிடித்திருந்தாள். சில மாதங்களில் யசோ கோப்பையைப் பார்த்து, பிறகு தாயின் முகத்தைப் பார்த்து, "தெ" என்றாள். பாதிச் சொல்தான். ஆனால் அது அவளுடைய சொல். மிஸ் அன்றைக்குப் பார்வதியின் கையைப் பிடித்துக்கொண்டார். "விட்டுராதீங்க. இடைவெளி விழுந்தா இவ பிடிச்சதையும் விட்டுருவா" என்றார்.

அதைச் சொன்ன மிஸ்ஸே போய்விட்டார்.

ஒரு திங்கட்கிழமை போனபோது கதவு பூட்டியிருந்தது. சிங்களத்திலும் இங்கிலீஷிலும் ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தது. சண்டை கூடியதால் உதவி கொடுத்தவர்கள் நிறுத்திவிட்டார்கள், மிஸ்ஸைக் கொழும்புக்குக் கூப்பிட்டுவிட்டார்கள் என்று அந்த வீட்டுக் காவல்காரர் சொன்னார்.

"வேற மிஸ் வருவாங்களா?"

"வருவாங்கன்னுதான் சொல்றாங்க."

"எப்போ?"

"அது எனக்குத் தெரியாது மல்லி. அடுத்த மாசம் வந்து பாருங்க." தம்பியை அவர்கள் மல்லி என்பார்கள்.

அடுத்த மாதம் என்று அவர் சொன்னது எனக்கு ஆஸ்பத்திரி வாசலில் கேட்டது போலவே இருந்தது. எல்லா இடத்திலும் எங்களை அடுத்ததுக்குத்தான் அனுப்புகிறார்கள். அடுத்த நம்பர், அடுத்த கிளினிக், அடுத்த ஊர். இந்தக் கதவுக்காகத்தான் காம்பராவை விட்டோம். இப்போது கொழும்புக்குப் போகச் சொல்வார்கள். அங்கே போனால் அங்கிருந்து எங்கே? யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை, தெரிந்தாலும் கேட்க என் வாயில் வார்த்தை வராது. நான் அறிவித்தலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

யசோவுக்கு அறிவித்தல் கிடையாது. திங்கட்கிழமை என்றால் அந்தக் கதவுக்குள் போக வேண்டும். கதவைத் தட்டினாள், தலையால் முட்டினாள், நான் தூக்கியபோது என் தோளைக் கடித்தாள். மற்றத் தாய்மாரும் வந்து சேர்ந்தார்கள். எல்லாரும் சிங்களப் பெண்கள், ஒருத்தி பலாபத்வலையிலிருந்து மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறவள். பூட்டைப் பார்த்ததும் அவள் படியில் உட்கார்ந்து அழுதாள். நான் பார்வதியிடம், "வா, போகலாம். ஆளுங்க பாக்குறாங்க" என்றேன்.

"எங்க போறது?" என்றாள் பார்வதி. "இவ இங்கதான் நிப்பா. நாங்களும் நிப்போம்."

சேலையின் முந்தானையைப் படிக்கு முன்னால் இருந்த சிமெந்துத் தரையில் விரித்து உட்கார்ந்தாள். யசோவை எதிரே இழுத்து உட்காரவைத்தாள். பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பிஸ்கட் தா என்று தனக்குத் தெரிந்த சிங்களத்தில் மெதுவாகச் சொன்னாள். அவள் சொன்ன விதத்தில் ஏதோ பிழை. பலாபத்வலைக்காரி அழுதபடியே சிரித்துவிட்டாள்.

"சிரிங்க" என்றாள் பார்வதி தமிழில், பிறகு சைகையில். "சிரிச்சிட்டு எப்படிச் சொல்றதுன்னு சொல்லிக் குடுங்க."

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்ட வந்து சரியாகச் சொல்லிக் காட்டினாள். பிறகு தன் மகனையும் பக்கத்தில் உட்காரவைத்தாள். இன்னொரு தாயும் வந்தாள். யசோ அழுகையை நிறுத்தவில்லை. ஆனால் கதவை விட்டுவிட்டு பிஸ்கட்டைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

புதன்கிழமையும் போனோம். அடுத்த திங்களும் போனோம். பூட்டு அப்படியே இருந்தது. படிக்கு முன்னால் பாய் விரிந்தது. காவல்காரர் முதலில் முறைத்தார், பிறகு குழாயில் தண்ணி பிடிக்க விட்டார். ஒரு நாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கிளினிக்கை நடத்தியவர்களின் தலைமைக் கந்தோரிலிருந்து ஆள் வரப்போகிறதாம், கட்டிடத்தைப் பார்க்க. பூட்டிய இடத்தில் இவ்வளவு கூட்டம் ஏன் என்று கேட்டால் தன் வேலை போய்விடும் என்று பயந்தார்.

"அவங்க கேட்டா நான் என்ன சொல்றது மல்லி?"

எனக்கு இப்படிப்பட்ட கேள்விக்கு உடனே பதில் வராது. அன்றைக்கு வந்தது.

"கிளினிக் நடக்குதுன்னு சொல்லுங்க" என்றேன்.